மூத்தோர் குழுப் பயணம்: கேரவன் வேண்டுமா, பேருந்து போதுமா?

சனிக்கிழமை விடியுமுன்பே குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக் கட்டடங்களின் கார் நிறுத்துமிடத்தில் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றுவிடும். கையில் கடப்பிதழ், தோளில் சிறு பை, பைக்குள் மருந்து டப்பாவும் வெந்நீர்க் குடுவையும். ஐந்தரை மணிக்கு வரச் சொன்னால் ஐந்து மணிக்கே வந்து அமர்ந்திருப்பவர்கள் மூத்தோர். சமூக மன்றங்களும் வசிப்போர் குழுக்களும் மூத்தோர் மன்றங்களும் நடத்தும் மலேசியச் சுற்றுலாக்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

உலகின் மறுகோடியில் இன்னொரு குவீன்ஸ்டவுன் இருக்கிறது. நியூசிலாந்தின் தென் தீவில், வாக்காட்டிப்பு ஏரிக்கரையில் உள்ள ஊர் அது. அங்கே ஓய்வுபெற்றவர்கள் பயணம் போகும் விதம் வேறு. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள கேரவன் வண்டிகளில் பலர் கூட்டமாகக் கிளம்புவார்கள். இரவில் ஒரே திடலில் வண்டிகளை நிறுத்தி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு கையில் நேரம் இருக்கும் சிங்கப்பூர் மூத்தோர் சிலருக்கு இந்த ஆசை வருவதுண்டு. கேரவன் பயணம் எப்படி நடக்கிறது, அது நமக்குத் தோதாகுமா, நமக்குப் பழக்கமான பேருந்துப் பயணத்தை இன்னும் நன்றாக நடத்துவது எப்படி?

வண்டியே வீடு

கேரவன் என்பது காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. காரும் வீடும் ஒன்றாக இருந்தால் அது கேம்பர்வேன் அல்லது மோட்டார்ஹோம். இரண்டையும் பொதுவாகக் கேரவன் என்றே பலரும் சொல்கிறார்கள்.

உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவன்களில் ஒன்று, 1885ல் பிரிட்டனில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் செய்வித்த ‘வாண்டரர்’. அதை இழுத்தவை குதிரைகள். 1907ல் அங்கே கேரவன் மன்றம் தொடங்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் அந்த மன்றம் இயங்கிவருகிறது.

அமெரிக்காவில் ‘ஏர்ஸ்ட்ரீம்’ வண்டிகளைத் தயாரித்த வாலி பையம், 1951ல் கேரவன் வைத்திருந்தவர்களைத் திரட்டி மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் அழைத்துச் சென்றார். 1959ல் அவரது குழு ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள கேப்டவுனிலிருந்து கெய்ரோவரை போகும் பயணத்தைத் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற பின் மாதக்கணக்கில் கேரவனில் சுற்றுவோரை ‘நரைத்தலை நாடோடிகள்’ என்ற பொருள்படும் செல்லப்பெயரால் அழைக்கிறார்கள். தெற்கே குளிர் வந்தால் வெப்பமான வடக்கு நோக்கிப் போவதும், குளிர் குறைந்ததும் திரும்புவதும் அவர்களின் வழக்கம்.

இதில் மன்றத்தின் வேலை என்ன? வழித்தடம் வகுப்பது, இரவு தங்க இடம் பதிவுசெய்வது, புதியவருக்கு வண்டியைப் பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொடுப்பது, ஒரு வண்டி பழுதானால் மற்றவர்கள் நின்று உதவுவது. பகலில் அவரவர் வேகத்தில் தனித்தனியாக ஓட்டிச் செல்லலாம். மாலையில் குறித்த இடத்துக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்று ஒருவர் கணக்கெடுப்பார். யாரும் யாரையும் நெருக்குவதில்லை, ஆனால் யாரும் தனியாகவும் இல்லை. மூத்தோருக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போவதன் காரணம் அதுதான்.

சிங்கப்பூரில் ஏன் இல்லை

தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரத்துக்குப் படுக்கையோடு போக யாருக்கும் தேவை இருக்காது. வாகன உரிமைச் சான்றிதழின் விலையைக் கட்டி, ஆண்டில் சில வாரங்களே பயன்படும் வண்டியை வாங்குவதும் கட்டுப்படியாகாது. வீவக கார் நிறுத்துமிடத்தில் அதற்கு இடமும் கிடையாது.

கிழக்குக் கடற்கரைப் பூங்கா, பாசிர் ரிஸ் பூங்கா போன்ற சில இடங்களில் அனுமதி பெற்று இரவு தங்கலாம். அது கூடாரத்துக்குத்தான்.

ஆகவே கேரவன் ஆசை உள்ள சிங்கப்பூரர் விமானம் ஏறி, ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ வண்டியை வாடகைக்கு எடுப்பதே வழி. இரு நாடுகளிலும் சிங்கப்பூரைப் போலச் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் பழக்கம் மாறாது. சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுப்பயணிக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படாது.

வாடகைக்கு எடுக்குமுன்

முதலில் பார்க்கவேண்டியது வயது. சிங்கப்பூரில் 65 வயதாகும்போது உரிமத்தைத் தொடர மருத்துவப் பரிசோதனை தேவை. அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைச் செய்யவேண்டும். வெளிநாட்டு வாடகை நிறுவனங்கள் சில ஓட்டுநருக்கு வயது வரம்பு வைத்திருக்கும். முன்பணம் கட்டுமுன் இதைக் கேட்டு, எழுத்தில் பதில் பெறுவது நல்லது.

அடுத்தது பருவம். சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை வரும்போது நியூசிலாந்தில் குளிர்காலம். தென் தீவின் மலைச் சாலைகளில் பனி உறைந்திருக்கும். சக்கரத்தில் சங்கிலி கட்டவேண்டி வரலாம். பனிச் சாலையே பார்த்திராதவர் பெரிய வண்டியை அங்கே ஓட்டுவது ஆபத்து. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத மூத்தோருக்கு ஒரு வசதி உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுத்தால் வானிலை மிதமாக இருக்கும்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே ஆறு மணி நேரம். அதை இரண்டு அல்லது மூன்று நாளாகப் பிரித்துப் போவதே மூத்தோருக்கு ஏற்றது. ஒரு வண்டிக்கு ஓட்டத் தெரிந்தவர் இருவராவது இருக்கவேண்டும்.

வண்டி ஓடும்போது பின்படுக்கையில் படுத்துக்கொண்டு வரமுடியாது. இருக்கை வார் உள்ள இருக்கையில்தான் அமரவேண்டும். ஆறு பேர் தூங்கும் வண்டி என்று விளம்பரம் சொன்னாலும், மேல்படுக்கைக்கு ஏணி ஏறவேண்டும். நள்ளிரவில் இரண்டு முறை கழிவறைக்கு எழுபவருக்கு ஏணி ஒத்துவராது. ஆறு பேர் வண்டியை நான்கு பேர் எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை.

கழிவுநீரைக் கொட்டுவதற்கென்று குறிக்கப்பட்ட இடங்களில்தான் கொட்டவேண்டும். கழிவறைத் தொட்டியையும் அவரவரே காலி செய்யவேண்டும். கட்டணமில்லாப் பொது இடங்களில் இரவு தங்கும் வண்டிகளுக்கு, நிலையாகப் பொருத்தப்பட்ட கழிவறை வேண்டும் என்று நியூசிலாந்து 2023ல் சட்டம் செய்தது.

சாப்பாட்டு மூட்டையிலும் கவனம் வேண்டும். மசாலாத்தூள், ஊறுகாய், நெய், தேன், பருப்பு எதுவாக இருந்தாலும் நியூசிலாந்து விமான நிலையப் படிவத்தில் அறிவிக்கவேண்டும். மறந்து விட்டுவிட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அறிவித்தால் அபராதம் இல்லை. அனுமதி இல்லாத பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

கணக்குப் பார்த்தால், உடல் வலுவும் ஓட்டும் பழக்கமும் உள்ள அறுபதுகளில் இருப்போருக்குக் கேரவன் பயணம் நல்ல அனுபவமாக அமையும். எழுபதைத் தாண்டிய, மூட்டுவலி உள்ள, துணையை இழந்த ஒருவருக்கு அது எட்டாது. அவர் ஏறக்கூடியது பேருந்துதான்.

தண்டவாளத்தோடு வளர்ந்த பேட்டை

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணை நகரம். 1953ல் முடிசூடிய எலிசபெத் அரசியாரின் நினைவாகப் பெயரிடப்பட்டது. அங்குள்ள ‘தங்ளின் ஹால்ட்’ என்ற பெயரில் ‘ஹால்ட்’ என்பது ரயில் சற்றே நின்று செல்லும் சிறு நிறுத்தத்தைக் குறிக்கும்.

1932ல் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதே 1932ல் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தின் அருகே ரயில்வே ஊழியர்கள் எழுப்பிய சிறு வழிபாட்டு இடம்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம். இந்தப் பேட்டையில் தமிழர் கதை பயணத்தோடு பிணைந்தே தொடங்கியிருக்கிறது.

மலாயாவில் உறவுகள் இருந்த பல குடும்பங்களுக்கு ரயில்தான் பாலம். 2011 ஜூன் 30ஆம் தேதி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. அதை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். தண்டவாளம் இருந்த இடம் இப்போது பசுமைப் பாதை. மாலையில் அங்கே நடை போகும் மூத்தோரில் அந்த ரயில் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு.

பிறகு இன்னொரு மாற்றம். தங்ளின் ஹால்ட், காமன்வெல்த் டிரைவ் பகுதியில் 31 வீவக புளோக்குகள் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கு உட்படும் என்று 2014ல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,480 வீடுகள். புதிய வீடு, புதிய மின்தூக்கி, நல்ல வசதி. ஆனால் ஒரே தாழ்வாரத்தில் ஐம்பதாண்டு வாழ்ந்தவர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்கும் வெவ்வேறு மாடிகளுக்கும் பிரிந்தார்கள். கதவைத் திறந்தால் தெரிந்த முகம் இல்லை.

மூத்தோர் மன்றத்தின் ஒருநாள் சுற்றுலா இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. மலாக்காவைப் பார்ப்பது ஒரு காரணம். பழைய அண்டை வீட்டாரோடு பக்கத்து இருக்கையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது அதைவிடப் பெரிய காரணம்.

எல்லை கடக்குமுன்

குவீன்ஸ்டவுனிலிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலை நேரே துவாஸ் சோதனைச்சாவடிக்குப் போகிறது. 1998ல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் மலாக்கா, கோலாலம்பூர் போகிறவர்களுக்குத் தோது. ஜோகூர் பாரு நகருக்கு என்றால் 1924ல் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் கடற்பாலம். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் இரண்டிலும் நெரிசல் கடுமை. ஓய்வுபெற்றவர்கள் செவ்வாய், புதன் போன்ற வார நாளைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

கடப்பிதழ் செல்லுபடியாகும் காலம் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதம் இருக்கவேண்டும். பெயர் கொடுக்கும் நாளிலேயே ஏற்பாட்டாளர் இதைச் சரிபார்த்தால், சோதனைச்சாவடியில் ஒருவர் கண்கலங்கி நிற்கும் நிலை வராது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. நிரந்தரவாசியாக இருந்து வேறு நாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவரும், முதியவருக்குத் துணையாக வரும் இல்லப் பணிப்பெண்ணும் தங்களுக்கு அந்த அட்டையோ விசாவோ வேண்டுமா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

சிங்கப்பூர்ப் பக்கம் கைப்பேசியில் கியூஆர் குறியீடு காட்டிக் கடக்கும் வசதி வந்திருந்தாலும் மலேசியப் பக்கம் கடப்பிதழ் கட்டாயம். அதை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது.

இரு பக்கமும் பேருந்திலிருந்து பைகளோடு இறங்கி, சோதனை முடித்து, மீண்டும் ஏறவேண்டும். கூட்டத்தில் பேருந்தைத் தேடித் தவிப்பது மூத்தோருக்கு அடிக்கடி நேர்வது. பேருந்தின் பதிவு எண்ணையும் குழுத் தலைவரின் கைப்பேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையை ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டிவிட்டால் போதும். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் உதவும், மின்கலம் தீராதவரை.

திரும்பும்போது சுங்க விதிகளும் உண்டு. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவர் 100 வெள்ளி மதிப்புவரையிலான பொருள்களுக்குத்தான் பொருள் சேவை வரிவிலக்குப் பெறுவார். 48 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 500 வெள்ளி. மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுபானத்தில் தீர்வை விலக்கு இல்லை. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் இல்லை.

மருந்தும் காப்புறுதியும்

மெடிஷீல்டு லைஃப் திட்டம் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. ஜோகூர் பாரு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் வெளிநாடுதான். ஒருநாள் பயணம்தானே என்று காப்புறுதி எடுக்காமல் போவது பலர் செய்யும் தவறு.

காப்புறுதி எடுக்கும்போது மூன்று கேள்விகள் போதும். இந்த வயதுக்கு இழப்பீட்டு உச்சவரம்பு எவ்வளவு? ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இதயநோய் போன்றவற்றால் வரும் செலவைத் தருமா? அவசரத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் செலவு அதில் அடங்குமா? வழக்கமான பல திட்டங்கள் இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் சொல்லும். அதற்கென்று தனித் திட்டங்கள் உள்ளன, கட்டணம் கூடுதல்.

மருந்தைப் பேருந்தின் அடிப்பகுதியில் போகும் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைக்கவேண்டும். நாளுக்குச் சரியாக எண்ணி எடுக்காமல் இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுப்பது நல்லது. இன்சுலினை வெயிலில் நிற்கும் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கக்கூடாது.

பலர் வெளியே சொல்லாத ஒரு பழக்கம், கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நீர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதும். வெயிலில் மயக்கம் வருவதற்கு இது போதும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும். ஏற்பாட்டாளர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பேருந்தை நிறுத்தவேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மச்சாப், பாகோ, ஆயர் குரோ ஆகிய ஓய்விடங்கள் இதற்கு வசதி. நிறுத்தும் இடங்களை முதலிலேயே அறிவித்துவிட்டால் யாரும் வாயைக் கட்டிக்கொண்டு வரமாட்டார்கள்.

மலேசியாவில் 2025 ஜூலை முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மீறினால் 300 ரிங்கிட் அபராதம். வார் இல்லாத பழைய பேருந்தைக் குறைந்த வாடகைக்குப் பேசிக்கொண்டு வரும் ஏற்பாட்டாளரிடம் கேள்வி கேட்கத் தயங்கக்கூடாது.

தமிழ் மூத்தோருக்கு உகந்த வழிகள்

ஜோகூர் பாருவில் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் ஒருநாள் பயணத்துக்கு ஏற்றது. மலாக்காவில் 1781ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், மலாய் பேசி இந்து சமயத்தைக் கைவிடாமல் வாழும் மலாக்கா செட்டிச் சமூகமும் பார்க்கவேண்டியவை. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 240 கிலோமீட்டர்.

பத்துமலையில் 272 படிகள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் அடிவாரத்து ஆலயங்களில் வழிபட்டுத் திரும்பலாம். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏறாமல் போவதா’ என்று மற்றவர்கள் உசுப்பேற்றக்கூடாது. பகாங்கில் மாரான் முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்குப் பெயர்பெற்றது. அன்றைய கூட்டத்தை நினைத்து வேறு நாளில் போவது மூத்தோருக்கு நிம்மதி.

இன்னொரு வழியும் உண்டு. சிங்கப்பூர்த் தமிழ் மூத்தோரில் பலர் ஜோகூர்த் தோட்டங்களில் பிறந்தவர்கள், அல்லது அவர்களின் அம்மாவோ அப்பாவோ அங்கே பால்மரம் வெட்டியவர். கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று பேருந்து போகும்போது அவர்கள் சன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்பு. கோயில் மட்டும் அங்கேயே நிற்பதும் உண்டு. பயண நிரலில் அப்படி ஒரு கோயிலுக்கு அரை மணி ஒதுக்கினால், அன்று பேருந்தில் வரும் கதைகளை எந்த வழிகாட்டியாலும் சொல்ல முடியாது.

தமிழர்கள் கலப்புக் குழுவில் போகும்போது சைவ உணவு பற்றிப் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடவேண்டும். சாப்பாட்டு மேசையில் போய்ச் சொன்னால் வெறும் சோறும் கீரையும்தான் வரும். இந்திய நற்பணிச் செயற்குழு உள்ள சமூக மன்றத்தில் கேட்டால் தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவரை உடன் அனுப்ப வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

பணம் யார் கையில்

சிங்கப்பூரில் சுற்றுலா விற்பனை செய்ய, பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்ற முகவராக இருக்கவேண்டும். மன்றம் பெயர் சேர்த்தாலும் பேருந்து, உணவு, தங்குமிடம் ஆகியவற்றை உரிமம் பெற்ற முகவர்மூலம் ஏற்பாடு செய்வதே பாதுகாப்பு. கட்டணம் கட்டியதும் ரசீது வாங்கவேண்டும். உடல்நலமின்றி வரமுடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது ரசீதிலேயே இருக்கவேண்டும். நம்பிக்கையான ஆள்தான் என்று கையில் ரொக்கம் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

குழுத் தலைவர் கையில் ஒரு தாள் இருக்கவேண்டும். ஒவ்வொருவர் பெயர், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய பிள்ளையின் எண், முக்கிய நோய், ஒவ்வாமை, மருந்து. பயணம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடவேண்டும்.

வராமல் போனவர் யார்

2030க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ இருப்பார் என்று கணிக்கப்பட்டுள்ளது. பெயர் கொடுப்போர் பட்டியல் நீளத்தான் போகிறது. ஆனால் பட்டியலில் இல்லாதவர்களைப் பார்ப்பதுதான் கடினம்.

சென்ற முறை வந்தவர் இந்த முறை ஏன் வரவில்லை? கணவரை இழந்த பிறகு தனியாக வரக் கூச்சப்படுகிறாரா? மெதுவாக நடப்பதால் எல்லாரும் காத்திருக்க வேண்டியிருந்ததே என்று வெட்கப்படுகிறாரா? காது கேளாததால் அறிவிப்பு புரியாமல் ஒருமுறை பின்தங்கி, அந்தப் பயம் போகவில்லையா? கட்டணம் கைக்கு எட்டவில்லையா? காரணத்தைக் கேட்டால்தான் தெரியும்.

கேரவன் மன்றங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இது. அங்கே வண்டிகள் தனித்தனியாக ஓடினாலும் மாலையில் ஒருவர் எண்ணிப் பார்க்கிறார். வராத வண்டியைத் தேடி ஒருவர் போகிறார். பேருந்துக் குழுவிலும் அதையே செய்யலாம். இருவர் இருவராக இணைத்துவிட்டால் ஒருவர் இறங்கி ஏறும்போது மற்றவர் கவனிப்பார். மெதுவாக நடப்பவரை முன்வரிசையில் அமர்த்திவிட்டால் அவர் கடைசியாக வந்து சேரவேண்டியதில்லை.

இவற்றில் எதற்கும் கூடுதல் செலவு இல்லை. அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போது, சென்ற முறை பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரையும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட்டால் போதும்.